வெண்கெண்டைக் குஞ்சு நாலாம் நாளில் சாவது ஏன்? ஆற்றுத் தண்ணீரில் செம்பு, துத்தநாகம், காட்மியம் பற்றி

கொள்ளிடக்கரை

வெண்கெண்டை பற்றி ஒரு கேள்வி. ஏரிகளில் விட்டு வளர்க்கிற மிர்காலைச் சொல்லவில்லை. காவிரி, கொள்ளிடத்துக்கே உரிய பழைய வெண்கெண்டையைச் சொல்கிறேன். சிவப்புப் பட்டியலில் அது அழிவாய்ப்பு இனம். வாளையும் இப்போது அதே வரிசையில்தான் இருக்கிறது. இவற்றின் குஞ்சைப் பொரித்து ஆற்றில் விடலாம் என்பவர்கள் ஒரே வகை அறிக்கையைத்தான் காட்டுகிறார்கள். பெரிய மீனின் சதையில் ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் உணவு வரம்புக்குள் இருக்கிறதாம், அதனால் தண்ணீர் நல்லதாம்.

ஆனால் பொரிப்பகத் தொட்டியில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பினால் முட்டை பொரிகிறது, மூன்றாம் நாள் வரை குஞ்சு இருக்கிறது, நாலாம் நாள் சுழன்று சுழன்று நீந்தி அடியில் விழுந்துவிடுகிறது. அதே தாய்மீனின் முட்டை போர்வெல் தண்ணீரில் பிழைக்கிறது. ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையவில்லை. என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

ஆய்வகம்_பாண்டி

அந்தச் சதை அறிக்கையை ஓரமாக வையுங்கள் ஐயா. அது மீனைச் சாப்பிடுகிறவருக்கான அறிக்கை, மீனுக்கானது அல்ல. செம்பும் துத்தநாகமும் சதையில் பெரிதாகச் சேர்வதில்லை. ஈரலும் செவுளும்தான் அவற்றைப் பிடித்து வைக்கும், சதையின் அளவை மீனின் உடம்பே கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குஞ்சைக் கொல்லும் அளவு செம்பு ஓடும்போதும் தாய்மீனின் சதை சுத்தமாகத் தெரியலாம்.

குடிநீர் அறிக்கையும் இதற்கு உதவாது. நம் குடிநீர் தரநிலையில் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுத் திருத்தம்) செம்புக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. துத்தநாகத்துக்கு 5 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பழைய கடினத்தன்மைச் சூத்திரப்படி, கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) 100 உள்ள நன்னீரில் நீர்வாழ் உயிர்களுக்கான குறுகிய கால வரம்பு செம்புக்குச் சுமார் 13 மைக்ரோகிராம், துத்தநாகத்துக்குச் சுமார் 120. காட்மியத்துக்கு 2016 வரம்பு 1.8 மைக்ரோகிராம். துத்தநாகத்தில் மனிதனுக்கான வரம்பு மீனுக்கான வரம்பைப்போல் நாற்பது மடங்கு. நாம் தினமும் குடித்தாலும் ஒன்றும் ஆகாத தண்ணீரில் 6 மில்லிமீட்டர் குஞ்சு ஒரு நாள் தாங்காமல் போகலாம்.

கழிவுநீர் வரம்பையும் பாருங்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு செம்புக்கு 3 மில்லிகிராம், துத்தநாகத்துக்கு 5, காட்மியத்துக்கு 2. வரம்பை மீறாமல் 3 மில்லிகிராம் செம்பு விட்டாலே அது 13 மைக்ரோகிராமுக்கு இறங்க 230 மடங்கு தண்ணீர் வேண்டும். பங்குனி, சித்திரையில் கெடிலத்திலோ உப்பனாற்றின் மேல்பகுதியிலோ அவ்வளவு நீர் எங்கே இருக்கிறது? சட்டத்தை மதித்து விட்டாலும் குஞ்சு சாகும் என்பதை நாம் உரக்கப் பேசியாக வேண்டும்.

குஞ்சுப்பண்ணை

ஆற்றைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் குழாயைப் பாருங்க அண்ணே. ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்கு எந்த வழியா வருது? ஜி.ஐ. பைப்பா (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்)? பித்தளை வால்வா? மோட்டார் இம்பெல்லர் வெண்கலமா? போர்வெல் லைன் முழுக்க பி.வி.சி.யா இருந்து, ஆற்று லைன் மட்டும் பழைய ஜி.ஐ.யா இருந்தா உங்க ஒப்பீடே செல்லாது.

ஜி.ஐ. பைப்பில் ராத்திரி முழுக்க நின்ன தண்ணீரில் துத்தநாகம் மில்லிகிராம் கணக்கில் ஏறிடும். காலையில் திறந்ததும் முதல் நூறு லிட்டர் நேரா குஞ்சுத் தொட்டிக்குப் போகும். ஒரு சாம்பிள் திறந்த உடனே எடுங்க, இன்னொன்னு 15 நிமிஷம் ஓடவிட்டு எடுங்க, மூணாவதை ஆற்றிலிருந்தே பிளாஸ்டிக் கேனில் மொண்டு எடுங்க. மூணும் ஒண்ணா இருந்தா ஆற்றைப் பேசலாம்.

தொட்டி வலையைக் கட்டுற கம்பி, வடிகட்டிச் சட்டம், ஏரேட்டர் ஸ்டோனுக்குக் கட்டுற எடை, இதிலெல்லாம் ஈயமும் துத்தநாகமும் இருக்கும். நைலான் கயிறும் கழுவின கூழாங்கல்லும் போதும். பாசிக்குப் போட்ட மயில்துத்தம் (செம்பு சல்பேட்) சிமென்ட் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கிட்டு அடுத்த முறை தண்ணீர் பி.ஹெச் இறங்கும்போது திரும்ப வெளியே வரும். அந்தத் தொட்டியை முட்டைக்கு வைக்கவே கூடாது.

பரங்கி_மீனியல்

குழாய் சரியாக இருந்தால் அடுத்து "ஏன் நாலாம் நாள்" என்பதைப் பாருங்கள். காரணம் குஞ்சின் வளர்ச்சியிலேயே இருக்கிறது.

27, 28 டிகிரியில் வெண்கெண்டை முட்டை 15 முதல் 18 மணி நேரத்தில் பொரிகிறது. தண்ணீரில் விழுந்த முதல் ஒரு மணி நேரம் முட்டை நீரை உறிஞ்சி ஊதுகிறது. உலோகம் உள்ளே போக ஒரு வாசல் அதுதான். அதன் பிறகு முட்டையின் மேலுறை உலோகத்தின் பெரும்பகுதியைத் தன்மேலேயே பிடித்துக்கொள்கிறது. முட்டைப் பருவத்தில் அவ்வளவாகச் சாவு தெரியாததற்கு அதுவே காரணம். பொரிந்ததும் அந்தக் கவசம் போய்விடுகிறது.

பொரிந்த குஞ்சுக்குச் செவுள் இன்னும் வேலை செய்யாது. உப்பை உள்ளே இழுக்கும் உயிரணுக்கள் மஞ்சள்கருப் பையின் தோலில் பரவி இருக்கின்றன. செம்பு அங்கே சோடியம் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. சோடியம், பொட்டாசியம் கடத்தும் நொதியை முடக்குகிறது. காட்மியமும் துத்தநாகமும் கால்சியம் போகும் வழியை அடைக்கின்றன. கால்சியம் போகவில்லை என்றால் முதுகெலும்பு வளைகிறது, தசை இழுக்கிறது. மூன்றாம் நாளோடு மஞ்சள்கரு தீர்கிறது. அதுவரை சேமிப்பை வைத்து ஈடுகட்டிய குஞ்சு அன்றைக்கே செவுளுக்கு மாற வேண்டும், நீந்தி இரையைப் பிடிக்க வேண்டும், இழந்த உப்பையும் மீட்க வேண்டும். மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. உங்கள் குஞ்சு நாலாம் நாள் விழுவது இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

குஞ்சு சாகாமலே போகிற கேட்டைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கோஹோ சால்மன் குஞ்சுகளில் நடந்த ஆய்வுகளில், இயல்பான அளவுக்கு மேல் செம்பு 2, 3 மைக்ரோகிராம் கூடியதுமே சில மணி நேரத்துக்குள் மோப்பம் மங்கியது. தண்ணீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டு உணர்மயிர்களையும் செம்பு கொல்கிறது. வரிக்குதிரை மீன் குஞ்சில் இதை உருப்பெருக்கியிலேயே பார்க்கலாம். குறுகிய காலம் பட்டால் அவை சில நாளில் திரும்ப முளைக்கும், நீண்டால் முளைக்காது. மோப்பமும் பக்கக்கோடும் இல்லாத குஞ்சு தொட்டியில் உயிரோடு இருக்கும். ஆற்றில் விரால் வருவது அதற்குத் தெரியாது. அதனால் பிணத்தை மட்டும் எண்ணாதீர்கள். தொட்டி ஓரத்தில் பென்சிலால் ஒரு தட்டு தட்டி எத்தனை குஞ்சு துள்ளுகிறது என்றும் எண்ணுங்கள்.

தென்பெண்ணை_மணல்

எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் பக்கத் தண்ணீர் கல் தண்ணீர். கடினத்தன்மை 250, 300 சாதாரணமாக வரும். கால்சியம் அதிகமாக இருந்தால் செம்பின் நச்சு குறையும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் மென்மையான மலை ஆற்றுத் தண்ணீரில் 3 மைக்ரோகிராமுக்கு வந்த விளைவை இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது.

தென்பெண்ணையில் மேலே பெங்களூரு, ஓசூர் கழிவுநீர் சேர்ந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஊரே பார்க்கிறது. அம்மோனியாவைப் பார்த்தீர்களா? பி.ஹெச் 7.5இல் 28 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் 2 சதவீதம் சொச்சம்தான் நச்சு வடிவம். 8இல் அது 6, 7 சதவீதம். 8.5இல் ஏறக்குறைய 18 சதவீதம். மதியம் பாசி பி.ஹெச்சை ஏற்றும்போது குஞ்சு விழும். அதுவும் சுழன்றுதான் விழும்.

ஆய்வகம்_பாண்டி

அம்மோனியா சரியான சந்தேகம். முதலில் அதைத்தான் தள்ள வேண்டும், ஏனென்றால் மலிவு, அன்றைக்கே முடிவு தெரியும். காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் பி.ஹெச்சும் அம்மோனியாவும் எடுத்தால் போதும்.

கடினத்தன்மை பற்றிச் சொன்னதும் உண்மைதான். அதே சூத்திரத்தில் கடினத்தன்மை 250 என்றால் செம்பு வரம்பு சுமார் 32 மைக்ரோகிராம் ஆகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் 250 எந்த மாதத்து அளவு? கோடையில் ஊற்றுநீர் கசிந்து நிற்கும்போது எடுத்தது. வெண்கெண்டை அப்போதா முட்டையிடுகிறது? புதுவெள்ளத்தில் இடுகிறது. மழைநீர் கலந்த வெள்ளத்தில் கடினத்தன்மை சரிந்துவிடும். 50க்கு இறங்கினால் வரம்பு 7 மைக்ரோகிராம். அதே வெள்ளம்தான் ஆறு மாதம் சாக்கடையிலும் சாலையிலும் தொழிற்பேட்டை வடிகாலிலும் கிடந்ததை முதல் அலையில் அள்ளிக்கொண்டு வருகிறது. டயர்த் தூளின் துத்தநாகம், தகரக் கூரையின் துத்தநாகம், வயலில் அடித்த செம்பு ஆக்சிகுளோரைடு எல்லாம் அதில் சேரும். உலோகம் ஏறும் நேரமும், தண்ணீரின் காப்பு இறங்கும் நேரமும், குஞ்சு பொரியும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. மாதத்துக்கு ஒரு முறை எடுத்த மாதிரிகளின் ஆண்டுச் சராசரியில் இந்த மூன்று நாள் தெரியவே தெரியாது.

பரங்கி_மீனியல்

அந்த வாதத்தில் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. முதல் வெள்ளம் இலைச்சாற்றையும் மட்கையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. டீ நிறத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள் செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். கட்டுண்ட செம்பு குஞ்சின் தோலில் ஏறாது. அதனால்தான் அமெரிக்க முகமை 2007இல் செம்புக்குக் கடினத்தன்மைச் சூத்திரத்தை விட்டுவிட்டு உயிர்ப்பிணைப்பு மாதிரிக்குப் போனது, அதாவது மீனின் உடம்பில் உண்மையில் எவ்வளவு செம்பு ஒட்டும் என்று பார்க்கும் கணக்குக்கு. அதற்கு வெப்பநிலை, பி.ஹெச், கரைந்த கரிமக் கார்பன், கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், சல்பேட், குளோரைடு, காரத்தன்மை எல்லாம் வேண்டும். வெறும் செம்பு அளவை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. காட்மியத்துக்கும் துத்தநாகத்துக்கும் இந்தக் கரிமக் காப்பு மிகக் குறைவு, அங்கே கால்சியம்தான் காக்கிறது. ஆகவே வெள்ளத்தில் செம்பைவிட இவை இரண்டும் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

கொள்ளிடக்கரை

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்னே, உலோகமா வேறா என்று இங்கேயே ஓரளவு பிரிக்க முடியுமா?

குஞ்சுப்பண்ணை

முடியும். மரக்காணத்திலிருந்து கடலூர் வரைக்கும் இறால் பொரிப்பகங்களில் ஈ.டி.டி.ஏ. எதுக்குப் போடுறாங்க? தண்ணீரில் இருக்கும் உலோகத்தைக் கட்டிப்போட. லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம். அதையே சோதனையாக வைக்கலாம்.

ஒரு லிட்டர் பீக்கர் ஆறு எண்ணம் எடுங்க. இரண்டில் ஆற்றுத் தண்ணீர் மட்டும். இரண்டில் ஆற்றுத் தண்ணீரோடு டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 5 மில்லிகிராம். கடைசி இரண்டில் நல்ல போர்வெல் தண்ணீரோடு அதே 5 மில்லிகிராம், ஈ.டி.டி.ஏ.யே குஞ்சைக் கொல்லலைன்னு காட்டுறதுக்கு. 5 மில்லிகிராமை நேரா நிறுக்க முடியாது. 1 கிராமை 1 லிட்டர் காய்ச்சிவடித்த நீரில் கரைச்சு அதில் 5 மி.லி. ஊத்துங்க. மூணு மணி நேரம் விட்டு, பி.ஹெச் மாறலைன்னு பார்த்துட்டு, பொரிஞ்சு இரண்டாம் நாள் குஞ்சு பத்துப் பத்தா விடுங்க. ஆற்றுத் தண்ணீரில் செத்து, ஈ.டி.டி.ஏ. போட்டதில் பிழைச்சா செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம், நிக்கல் வகையில் ஏதோ ஒண்ணு. இரண்டிலும் செத்தா அம்மோனியா, பூச்சிமருந்து, ஆர்சனிக், செலினியம் பக்கம் போங்க.

ஆய்வகம்_பாண்டி

நல்ல முறை. இதோடு சோடியம் தயோசல்பேட் 10 மில்லிகிராம் போட்ட ஒரு ஜோடியும் வையுங்கள். குளோரின் இருந்தால் அதில் பிழைக்கும். செம்பையும் காட்மியத்தையும் தயோசல்பேட் ஓரளவு அடக்கும், துத்தநாகத்தை அவ்வளவாக அடக்காது. இரண்டு முடிவையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இன்னும் குறுகும்.

இனி மாதிரி எடுப்பது. இங்கேதான் பெரும்பாலான அறிக்கைகள் கெட்டுப்போகின்றன. 250 மி.லி. எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் புட்டியை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, மிகத் தூய நீரில் மூன்று முறை அலசி, மூடி, இரட்டை ஜிப் பையில் போட வேண்டும். பவுடர் போட்ட கையுறை கூடாது, பவுடரிலும் ரப்பரிலும் துத்தநாகம் உண்டு. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை வாங்குங்கள். புட்டியை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக, நிற்பவரின் காலுக்கு மேல்புறத்தில், ஒரு முழம் ஆழத்தில் முக்க வேண்டும். 0.45 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டியில் முதல் 20 மி.லி.யைக் கொட்டிவிட்டு மீதியைப் பிடியுங்கள். வடிகட்டிய பிறகுதான் அமிலம், 250க்கு அரை மி.லி. அடர் நைட்ரிக். அமிலம் போட்டுவிட்டு வடிகட்டினால் சேற்றில் ஒட்டியிருந்த செம்பெல்லாம் கரைந்து வந்து எண் பத்து மடங்கு ஏறிவிடும். கரிமக் கார்பனுக்குத் தனிப் பழுப்புக் கண்ணாடிப் புட்டி, அதில் நைட்ரிக் அமிலம் படவே கூடாது. பாதரசத்துக்கும் தனிப் புட்டி. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புட்டியில் தூய நீரை எடுத்துப்போய் ஆற்றங்கரையில் திறந்து, வடிகட்டி, அமிலம் போட்டுக் கொண்டுவர வேண்டும். அதில் துத்தநாகம் 5 மைக்ரோகிராம் வந்தால் ஆற்றில் வந்த 8க்கு அர்த்தமில்லை.

மீன் தொட்டிக் கடையில் விற்கும் செம்புப் பரிசோதனை டப்பா மில்லிகிராமில் பேசும், நமக்கு வேண்டியது மைக்ரோகிராம். சுடர் அணு உறிஞ்சல் கருவியும் காட்மியத்துக்கு எட்டாது. கிராஃபைட் உலை அல்லது ஐ.சி.பி. எம்.எஸ். (அணுக்களை நிறைப்படி பிரித்து எண்ணும் கருவி) வேண்டும்.

உப்பனாறு, கெடிலம் முகத்துவாரம் மாதிரி உவர் கலந்த தண்ணீர் என்றால் கூடுதல் எச்சரிக்கை. ஐ.சி.பி. எம்.எஸ். கருவியில் ஆர்கானும் (40) சோடியமும் (23) சேர்ந்தால் 63. செம்பின் நிறையும் 63. ஆர்கானும் குளோரினும் (35) சேர்ந்தால் 75, அது ஆர்சனிக்கின் இடம். உப்பு ஏற ஏற இல்லாத செம்பும் இல்லாத ஆர்சனிக்கும் திரையில் தெரியும். ஹீலியம் மோதல் அறையில் ஓட்டச் சொல்லுங்கள். செம்பை 63இலும் 65இலும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

தென்பெண்ணை_மணல்

சரி. வெள்ளத்தின் முதல் அலையை யார் போய்ப் பிடிப்பது? ராத்திரி 2 மணிக்கு வரும். தளவானூர் தடுப்பணை 2021இல் உடைந்த மாதிரி உடைந்தால் கரையில் நிற்கிறவர் கதி என்ன?

ஆய்வகம்_பாண்டி

ஆள் நிற்கவே வேண்டாம். அமிலத்தில் கழுவிய ஒரு லிட்டர் புட்டி, இரண்டு துளையுள்ள சிலிக்கோன் அடைப்பான், இரண்டு சிலிக்கோன் குழாய். ஒரு குழாயைத் தலைகீழ் யூ வடிவில் வளைத்து வாயைக் கீழ்நோக்கி வையுங்கள், அது நீர் நுழையும் வழி. இன்னொன்றை அதைவிட ஒரு சாண் உயரத்தில் முடியுங்கள், அது காற்று வெளியேறும் வழி. மட்டம் வளைவைத் தாண்டியதும் சைஃபன் பிடித்து நிரம்பும், நிரம்பியதும் நின்றுவிடும். இப்படி மூன்று புட்டியை ஒரே சவுக்குக் கம்பில் இப்போதைய மட்டத்துக்கு மேலே 20, 50, 100 சென்டிமீட்டரில் கட்டினால் ஏறும் வெள்ளத்தின் மூன்று நிலை கிடைக்கும். கம்பை நல்ல வெளிச்சத்தில், நீர் குறைவாக இருக்கும்போதே அடித்துவிடலாம். இரும்புக் கம்பி கட்டாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்து வடிகட்ட வேண்டும், தாமதமானால் உலோகம் சேற்றிலும் புட்டிச் சுவரிலும் ஒட்டிவிடும்.

கொள்ளிடத்துக்கு முக்கொம்பில் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் கட்டலாம். கெடிலம், தென்பெண்ணைக்கு ஐப்பசியின் முதல் கனமழைக்கு முன்னே கட்ட வேண்டும்.

பரங்கி_மீனியல்

எண் வந்த பிறகு "இந்த எண் இந்தக் குஞ்சைக் கொல்லுமா" என்று நம் தண்ணீரில் சோதிக்க வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழகம் வழியாகச் செய்தால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

செம்பு சல்பேட் (ஐந்து நீர் மூலக்கூறு உள்ளது) 3.93 கிராம் ஒரு லிட்டரில் கரைத்தால் 1000 மில்லிகிராம் செம்பு. அதை நூறில் ஒன்றாக்கினால் 10 மில்லிகிராம் கரைசல். அந்தக் கரைசலில் லிட்டருக்கு 0.5, 1, 2, 4, 8 மி.லி. ஊற்றினால் 5, 10, 20, 40, 80 மைக்ரோகிராம். துத்தநாகத்துக்கு ஏழு நீர் மூலக்கூறு உள்ள சல்பேட் 4.40 கிராம். ஒவ்வொரு அளவுக்கும் நான்கு பீக்கர், பீக்கருக்குப் பத்துக் குஞ்சு, செம்பு போடாத கட்டுப்பாடு நான்கு. உலோகம் கலந்த நீரை ஒரு நாள் நிறுத்திவைத்த பிறகே குஞ்சை விடுங்கள். இல்லாவிட்டால் கரிமப் பொருளோடு பிணையாத செம்பு முதல் மணி நேரங்களில் கூடுதலாகத் தாக்கி, ஆற்றில் நடக்காததைக் காட்டும். தினமும் முக்கால் பங்கு நீர் மாற்ற வேண்டும். 96 மணி நேரம். கட்டுப்பாட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்தால் முழுச் சோதனையையும் தள்ளிவிடுங்கள்.

இரண்டு வயதில் செய்யுங்கள், பொரிந்த மறுநாள் ஒரு தொகுதி, இரை தேடத் தொடங்கும் நாளில் இன்னொரு தொகுதி. முதல் தொகுதிக்கு மட்டும் செய்து "பரவாயில்லை" என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. இரண்டாம் தொகுதிக்குத் தீனி வேண்டும். நீர் மாற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கொடுங்கள், மிச்சம் கிடந்தால் அதுவே செம்பை உறிஞ்சிக்கொள்ளும். பீக்கரில் உண்மையில் எவ்வளவு செம்பு இருந்தது என்று தொடக்கத்திலும், நீர் மாற்றும் முன்னும் அளக்க வேண்டும். 20 ஊற்றினோம் என்பதால் 20 இருக்கும் என்று நம்பக்கூடாது.

குஞ்சுப்பண்ணை

பீக்கரோடு ஆற்றிலேயே கூண்டும் வைங்க அக்கா. ஆறு அங்குல பி.வி.சி. குழாயை ஒரு அடி நீளம் வெட்டி, இரு முனையிலும் 300 மைக்ரான் நைலான் வலை, இருபது குஞ்சு. வலை சேற்றால் அடைச்சா உள்ளே ஆக்சிஜன் விழுந்து எல்லாம் சாகும், அதை உலோகச் சாவுன்னு எழுதிடுவாங்க. காலையும் மாலையும் வலையை மென் தூரிகையால் தேய்ச்சு, கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஆக்சிஜன் அளந்து எழுதணும். இரண்டுக்கும் 1 மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தா அந்தக் கூண்டைக் கணக்கில் சேர்க்காதீங்க. ஓட்டம் வேகமா இருக்கிற இடத்தில் குஞ்சு வலையில் ஒட்டிச் சாகும், படித்துறைக்குப் பின்னால் மட்டாக ஓடும் இடம் பாருங்க.

உப்பனாறு_ஓரம்

வண்டலை யாரும் பேசவில்லையே? 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது கடலூரும் அதில் இருந்தது. தண்ணீர் மாறிவிடும், சேறு அங்கேயே கிடக்கும்.

ஆய்வகம்_பாண்டி

சரியாகக் கேட்டீர்கள். முகத்துவாரத்துக் கருஞ்சேற்றில் சல்பைடு இருக்கிறது. செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம், நிக்கல் ஐந்தையும் அது கரையாத சல்பைடாகப் பிடித்து வைக்கும். சேற்றில் இந்த உலோகங்களின் கூட்டு மோல் அளவு (எடை அல்ல, அணு எண்ணிக்கைக் கணக்கு) சல்பைடின் மோல் அளவைவிடக் குறைவாக இருக்கும்வரை, சேற்று இடுக்கு நீரில் அவை அதிகம் வராது. தூர்வாரி மேலே புரட்டினால் காற்றுப்பட்டுச் சல்பைடு போய்விடும், உலோகம் விடுபடும். ஆகவே தூர்வாரும் வேலை குஞ்சு பொரியும் பருவத்தில் நடக்கக்கூடாது. வாரியெடுத்த சேற்றைக் கரையில் வடியவிட்டு, அந்தக் கறுப்பு நீரைத் திரும்ப ஆற்றிலேயே விடுவது இன்னும் கொடுமை. சேற்றைச் சோதிக்கிறவர்கள் காற்றுப்படாமல் புட்டி வாய்வரை நிரப்பிக் குளிரில் கொண்டுபோக வேண்டும். உலர்த்திப் பொடித்த சேற்றில் சல்பைடு அளந்தால் பூஜ்யம்தான் வரும்.

பரங்கி_மீனியல்

வண்டலின் பங்குக்கு வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றைப் பாருங்கள். மேல் கொலம்பியாவின் வெள்ளை ஸ்டர்ஜன் 2006 முதல் கனடாவின் சட்டப்படி அருகிய இனம். பெரிய மீன்கள் இருக்கின்றன, முட்டையிடுகின்றன, முட்டை பொரிகிறது, ஆனால் இளமீன் மட்டும் கிடைப்பதில்லை. டிரெய்ல் ஊரின் உருக்காலை 1990களின் நடுப்பகுதி வரை செம்பும் துத்தநாகமும் உள்ள கசடை ஆற்றில் கொட்டியது. ஸ்டர்ஜன் குஞ்சு அடியோடு ஒட்டி வாழ்வது. ஆய்வகத்தில் அதன் இளம் பருவம் வானவில் டிரௌட்டைவிடச் செம்புக்கு மென்மையானது என்று தெரிந்தது. அணைகளால் மாறிய நீரோட்டம், இரைகொல்லிகள், அடித்தளம் என்று வேறு காரணங்களும் அங்கே பேசப்படுகின்றன. உலோகத்தை ஒரே குற்றவாளி என்று யாரும் முடிக்கவில்லை. நமக்குப் பயன்படுவது இன்னொன்று: பண்ணையில் வளர்த்து ஓரளவு பெரிதாக்கி விட்ட இளமீன் அங்கே பிழைக்கிறது. எனவே அடைப்பு முதல் பருவத்தில் இருக்கிறது.

வாளைக்கு வேறொரு கவலை சேர்க்க வேண்டும். அது மீன் தின்னி. மெத்தில் பாதரசமும் செலினியமும் இரை வழியாகத் தாயிடம் சேர்ந்து முட்டைக்கு இறங்கும். தண்ணீர் அறிக்கை சுத்தமாக இருக்கும்போதே குஞ்சு வளைந்த முதுகோடு பொரியும். வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் 1970களில் நிலக்கரிச் சாம்பல் குட்டை நீரின் செலினியத்தால் 20 மீன் இனங்களில் 19 போயின, பெரும்பாலும் இந்த வழியில். அமெரிக்க முகமை 2016இல் வைத்த செலினிய வரம்பில் முதலிடம் முட்டைக்கும் சினைப்பைக்கும்தான், உலர் எடையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராம். நம் மாவட்டத்தில் நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் எரிகின்றன. எந்தச் சாம்பலில் எவ்வளவு செலினியம் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும், ஊகிக்கக்கூடாது. சினை வாளை கிடைத்தால் 10 கிராம் முட்டையை உறையவைத்துச் செலினியத்துக்கும் பாதரசத்துக்கும் அனுப்புங்கள்.

கொள்ளிடக்கரை

அப்படியானால் 3 அங்குல விரலியாக (விரல் நீள இளமீனாக) வளர்த்து விட்டால் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடலாம் இல்லையா?

பரங்கி_மீனியல்

அந்த மீன் தாண்டிவிடும், அதன் பிள்ளை தாண்டாது. விட்ட விரலி பெரிதாகி, வலையில் அகப்பட்டு, "வெண்கெண்டை திரும்பிவிட்டது" என்று செய்தி வரும். அது முட்டையிட்ட குஞ்சு ஒவ்வொரு ஆண்டும் நாலாம் நாள் செத்துக்கொண்டே இருக்கும். விடுவதை நிறுத்திய ஆண்டு தெரியவரும்.

அதனால் விடும் ஒவ்வொரு விரலிக்கும் அடையாளம் வேண்டும். 80 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்ததும் இடது வயிற்றுத் துடுப்பை அடியோடு நறுக்குங்கள். பாதி நறுக்கினால் திரும்ப முளைத்து அடையாளம் போய்விடும். கத்தரியைப் போவிடோன் அயோடினில் தோய்த்து, உப்பு நீரில் ஒரு நாள் தேற்றி விடுங்கள். ஓர் ஆண்டு இடது, மறு ஆண்டு வலது என்று மாற்றினால் வயதும் தெரியும். பிறகு அணைக்கரைக்குக் கீழே தை, மாசியில் வலை போடுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: ஒரு சாணுக்குக் குறைந்த வெண்கெண்டையில் இரண்டு வயிற்றுத் துடுப்பும் முழுதாக இருந்தது எத்தனை? அந்த எண்ணிக்கை கூடினால்தான் ஆற்றிலேயே பொரிந்த குஞ்சு பிழைக்கிறது என்று அர்த்தம்.

குஞ்சுப்பண்ணை

துடுப்பு நறுக்கும் அன்னைக்குத் தீனி போடாதீங்க, முந்தின ராத்திரியே நிறுத்திடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். பையில் அடைக்கும்போது ஐந்து லிட்டர் தண்ணீருக்கு நூறு விரலிக்கு மேல் வேண்டாம், ஆக்சிஜன் மூணில் இரண்டு பங்கு. ஆற்றில் இறக்கும்போது பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே சேருங்க. போர்வெல் கல் தண்ணீரிலிருந்து வெள்ளத் தண்ணீருக்குச் சட்டுன்னு மாத்தினா கால்சியம் சோடியம் வித்தியாசமே பாதியை விழுத்தாட்டும், அப்புறம் அதையும் செம்பு மேல எழுதுவாங்க.